படத்தில் இருப்பது அப்பா இல்லை, நான்தான்

உறையூர்,
திருச்சி – 3.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யமுனாவுக்கு,

உன் சித்தப்பா பீமராவ் எழுதிக்கொண்டது. கடிதம் என்றால் முதல் வரியில் நலம் சொல்லி, இரண்டாவது வரியில் நலம் கேட்க வேண்டும் என்று முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். அண்ணன் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது. இந்த நேரத்தில் ‘நாங்கள் நலம்’ என்று எழுதப் பேனா நகர மறுக்கிறது. ஆகவே நான் சொன்னதாக நீ வைத்துக்கொள், நீ கேட்டதாக நான் வைத்துக்கொள்கிறேன். உனக்கு எட்டாம் மாதம். தோகாவில் லிப்ட் வேலை செய்யாத நாளில் படி ஏறாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் சந்தன மாலை போட்டு, சின்னதாக ஒரு சிவப்பு பல்பு எரியவிட்டு மாட்டியிருக்கிறார்களே ஒரு பெரிய படம், நீ உன் போனிலிருந்து ஃபிளெக்ஸ் கடை டோனிக்கு அனுப்பி, டோனி பெரிதாக்கி ஃபிரேம் போட்டுக் கொடுத்த படம், அதில் இருப்பது உன் அப்பா இல்லை. நான்.

பதறாதே, முதலில் தண்ணீர் குடி. தப்பு உன்னுடையது இல்லை. பிள்ளைத்தாச்சியிடம் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்று உன் சித்தி லிசி நாலு நாளாக என் பேனாவை ஒளித்துவைத்தாள். ஆனால் நேற்று டோனி வந்து, அதே படத்தை அட்டையில் போட்டு நினைவு மலர் முந்நூறு பிரதி அடிக்கச் சொல்லியிருக்கிறாய் என்றான். பிறக்கப்போகிற குழந்தையின் தொட்டிலுக்கு மேலே மாட்ட ஒரு சின்ன படமும் கேட்டிருக்கிறாயாம். இதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து என் மூஞ்சியைப் பார்த்து, இவர்தான் என் தாத்தா, இவர் செத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு வளரும். நான் ஒருநாள் பை நிறைய மணப்பாறை முறுக்கு வாங்கிக்கொண்டு நேரில் போய் நின்றால் அதற்கு ஜுரம் வந்துவிடும்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். நானும் உன் அப்பாவும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது, உன் கல்யாணத்தில் நடந்தது என்பதால் உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்போதுதான் அண்ணன் பின்பக்கம் மூன்று கண் வைத்த போன் ஒன்று வாங்கியிருந்தார். சமயபுரம் மண்டபத்தில் சமையல்காரரை எடுத்தார், வாழைமரத்தை எடுத்தார், ஜெனரேட்டரை எடுத்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கையில் பாயசக் கப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் வாய் பிளந்து நான் தூங்கிக்கொண்டிருந்ததையும் எடுத்து, ‘காத்தான் வாரிசுகள்’ குரூப்பில் ‘நல்லாசிரியர் பாடம் நடத்துகிறார்’ என்று எழுதிப் போட்டுவிட்டார். எண்பத்து மூன்று பேர் சிரித்தார்கள். அதோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். யாரோ ஒரு புண்ணியவான் என் தலையை மட்டும் வெட்டி எடுத்து ‘குட் நைட்’ என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். ஒரு வாரம் கழித்து, துபாயில் இருக்கிற என் பழைய மாணவன் ஒருவன், அது யார் என்று தெரியாமல், எனக்கே என் தலையை அனுப்பி குட் நைட் சொன்னான். அண்ணனுக்குப் போன் போட்டு, குரூப்பில் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். “சரிடா, கேக்கறேன்” என்றார். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. அதே ஸ்டிக்கர். அன்றைக்கே குரூப்பிலிருந்து வெளியே வந்தேன். அவர் நம்பரையும் பிளாக் செய்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய வீட்டுக்கு ஆறு வருஷமாக நான் போகவில்லை. அவரும் வரவில்லை. எங்கள் அப்பா காத்தான் பொன்மலை ஒர்க்ஷாப்பில் இரும்போடு வேலை பார்த்தவர். பெரியவனுக்குச் சித்தார்த்தன், சின்னவனுக்குப் பீமராவ் என்று யோசித்து யோசித்துப் பேர் வைத்தவர். இரண்டு பேரும் ஒரு ஸ்டிக்கருக்காக இப்படி ஆவோம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அண்ணன் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் சித்தி காலையிலேயே சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டாள். போனை சைலன்ட்டில் போட்டுக் கைப்பைக்குள் வைத்திருந்தாள். நான் பத்தரை மணிக்குக் கறி வாங்க ஜமால் பாய் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே எப்படிக் கூட்டம் இருக்கும் என்று உனக்குத் தெரியும். நான் போய் வரிசையில் கடைசியில் நின்றதும், எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டு வழிவிட்டார். அவருக்கு முன்னால் நின்றவரும் வழிவிட்டார். நல்லாசிரியர் விருது வாங்கிய அன்றுகூட எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. நேராகக் கட்டைக்கு முன்னால் போய் நின்றேன். ஜமால் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“சார்... இப்பத்தான் உங்களுக்காக துவா செஞ்சேன்.”

“எனக்கு எதுக்கு பாய்? நல்லாத்தானே இருக்கேன்?”

அவர் தெருமுனையைக் காட்டினார். டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் பத்தடி உயரத்தில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். பின்னால் அருவி விழுகிறது, இரண்டு புறா பறக்கிறது, நடுவில் நான். நரைத்த முடி, மழித்த மேலுதடு, ஒட்டிய கன்னம். நான் ஜென்மத்தில் போட்டிராத கோட்டும் டையும் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறேன். யாரோ என்னை வைத்து மறுபடியும் விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் தலைக்கேறியது. அண்ணனுடைய வேலையாகத்தான் இருக்கும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கிட்டே போனேன். கிட்டே போய்த்தான் பேரைப் படித்தேன். சித்தார்த்தன், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். தோற்றம் என்று போட்டுத் தேதி, மறைவு என்று போட்டு அன்றைய தேதி. அண்ணன் உறையூர் தபால் ஆபீசில் ஒன்பது வருஷம் இருந்தவர் என்பதால் நண்பர்கள் எங்கள் பக்கமும் ஒன்று கட்டச் சொல்லியிருக்கிறார்கள். என் அண்ணன் செத்த சேதி எனக்கு இப்படித்தான் வந்தது யமுனா, என் முகத்துக்குக் கீழே அச்சடித்து.

நான் அப்படியே அந்த டிரான்ஸ்ஃபார்மர் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து உன் சித்தி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மேலே பார்த்தாள், “ஐயோ கர்த்தரே!” என்று ஒரு சத்தம். அப்புறம் கீழே பார்த்தாள், நான் உட்கார்ந்திருந்தேன். பைபிள் வைத்திருந்த பையாலேயே என் தோளில் நாலு அடி. “உசுரோட இருந்துக்கிட்டு எதுக்குங்க இங்க வந்து ஒக்காந்திருக்கீங்க!” என்று அடித்துக்கொண்டே அழுதாள். நான் பேரைக் காட்டினேன். அடிப்பதை நிறுத்தினாள். பையைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தால் நீ பதினாலு தடவை கூப்பிட்டிருக்கிறாய். என் போனை எடுத்து, பிளாக் செய்த நம்பர்கள் இருக்கும் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். விடிந்ததிலிருந்து ஒன்பது போன் கால், அண்ணனுடைய நம்பரிலிருந்தே. கைக்குக் கிடைத்தது அந்தப் போன்தான், அதிலிருந்துதான் அண்ணி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்கு முந்தின நாட்களிலும் வந்திருக்கிறதா என்று கீழே தள்ளிப் பார்க்க லிசி விரலை வைத்தாள். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். இன்றுவரை பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் உங்கள் வீட்டுக்கு வந்ததை நீயே போனில் பார்த்தாய். நான் நேராகக் கால்மாட்டுக்குத்தான் போனேன். கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் மாலை மாலையாகக் குவிந்திருந்தது. அதை விலக்கி முகத்தைப் பார்க்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று பட்டது. கால் இருந்த இடத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தூக்குகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். பக்கத்து வீட்டு கமருன்னிசா, அந்தக் காலேஜ் பெண், உனக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். என் பக்கம் திருப்பியதும், நீ “அப்பா!” என்று ஒரு கத்து கத்தினாய். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் நீயே, “சித்தப்பாவா...” என்று முனகினாய். நெட்வொர்க் போய்விட்டது. அந்தக் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்தது. பெற்ற மகளுக்கே ஒரு நொடி இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிந்தால், அந்தப் போனுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்?

டோனியிடம் கேட்டேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன், பொய் சொல்ல மாட்டான், படிக்கவும் மாட்டான். “சார், அக்கா அனுப்புன போட்டோவைத்தான் சார் போட்டேன். சட்டை கசங்கியிருந்துச்சு, அதான் ஒரு கோட்டு மாட்டிவிட்டேன். மொகத்துல சுருக்கத்தை லேசா எடுத்தேன். இப்ப எல்லாத்துக்கும் ஆப் இருக்கு சார், ரெண்டு நிமிஷ வேல” என்றான். உன் போனில் ‘அப்பா’ என்று பேர் போட்டு ஒரு ஆல்பம் தானாகச் சேருகிறதாமே, அதில் உன் கல்யாணத்திலோ வேறு எங்கேயோ எடுத்த என் படமும் போய்ச் சேர்ந்துகொண்டது, அழுகிற அவசரத்தில் நீ அதை எடுத்து அனுப்பிவிட்டாய். இதுதான் நடந்திருக்கிறது.

இதை நான் சும்மா சொல்லவில்லை, பரீட்சை வைத்தே பார்த்தேன். லிசியின் போனில் அந்த ஃபிளெக்ஸைப் படம் எடுக்கச் சொன்னேன். மறுநாள் அவள் போன் ஒரு கேள்வி கேட்டது. வட்டத்துக்குள் ஒரு பக்கம் கோட்டுப் போட்ட முகம், இன்னொரு பக்கம் ரேஷன் கடை வாசலில் பை வைத்துக்கொண்டு நிற்கிற நான். இவர்கள் இருவரும் ஒரே நபரா? நான் யோசிப்பதற்குள் உன் சித்தி ‘ஆம்’ என்று அமுக்கிவிட்டாள். “அமுக்காதடீ!” என்றேன். “மூக்கு உங்க மூக்குதாங்க, வேற யாரு மூக்கு?” என்றாள். அன்றைக்கு மாலையே அந்தப் போன் புல்லாங்குழல் வாசித்து, ‘இனிய நினைவுகள்’ என்று ஒரு படம் ஓட்டிக் காட்டியது. நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், நான் பல் டாக்டர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், நான் ரேஷன் கடையில் நிற்கிறேன், கடைசியில் அருவி, புறா, கோட்டு. உன் சித்தி அடுப்படிக்குப் போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் பதினாறாம் நாள் படத்திறப்பில் நான் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொல்லத்தான் போனேன். மண்டபத்தில் நூற்றைம்பது பேர். மேடையில் நீலத் துணி போட்டு மூடிய படம். கூடப்பிறந்தவர் நான் ஒருவன்தான், நான்தான் திறந்துவைக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அண்ணி மெழுகுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். துணியை இழுத்தேன். நான் இருந்தேன்.

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை அம்மா. தெரிந்துதான் பெரிய மனசோடு பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அண்ணியோ மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு, “பாருங்க தம்பி, எப்படிச் சிரிக்கிறாருன்னு” என்றார். துக்கம் அவர் கண்ணை மறைத்துவிட்டது, அதிலும் கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. அந்த முகத்தைப் பார்த்து, ‘அண்ணி, இது அவர் இல்லை, நான்’ என்று எப்படிச் சொல்வது? மைக்கைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். எதிரே என் மூஞ்சி கோட்டும் டையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எழுதிவைத்திருந்த தாளைப் பையிலேயே விட்டுவிட்டேன். இந்த மனுஷர் பிடிவாதக்காரர் என்று ஆரம்பித்தேன். படித்தவர், ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவர், ஆனால் ஒரு அற்ப விஷயத்தைப் பெரிதாக்கி, கூடப்பிறந்தவன் ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று ஆறு வருஷம் காத்திருந்தவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டை ஒருநாள்கூட எட்டிப் பார்க்காதவர், இவரை யாரும் பின்பற்றக் கூடாது என்று சொல்லி உட்கார்ந்தேன். மண்டபமே அழுதது. அண்ணனோடு வேலை பார்த்த ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணனைப் பத்தி இவ்வளவு ஒளிவுமறைவில்லாம யாரும் பேசினதில்லீங்க சார்” என்றார்.

அதற்கப்புறம் இந்த ஒரு வாரமாக நான் தினமும் ஸ்ரீரங்கம் வருகிறேன். அண்ணி தனியாக இருக்கிறார், மருந்து வாங்க, பேங்க் பேப்பர் பார்க்க ஒரு ஆள் வேண்டும். உள்ளே நுழைந்ததும் மாலைக்குள்ளிருந்து நான் என்னை வரவேற்கிறேன். அண்ணி தினமும் காலையில் காபி போட்டு அந்தப் படத்துக்கு முன்னால் வைக்கிறார், அன்றைய சங்கதியெல்லாம் சொல்கிறார், மூட்டு வலியைச் சொல்கிறார். எல்லாம் என்னிடம். அண்ணனுக்குச் சேர வேண்டியதை நான் நடுவில் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. ஏற்கெனவே அவருக்கு நான் செய்தது போதாதா? உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போடுவது ஆகாது என்று லிசி புலம்புகிறாள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் நேற்று பிரஷர் பார்த்தேன், கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். உன் போனில் அந்த ஆல்பத்தைத் திறந்து, என்னையும் அண்ணனையும் தனித்தனியாகப் பிரி. அண்ணனை உனக்கு நான் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அடர்த்தியான முடி, கருகருவென்று டை அடித்திருப்பார். உதட்டை மூடுகிற மீசை. தடித்த ஃபிரேம் கண்ணாடி. சட்டைப் பொத்தான் பிதுங்குகிற மாதிரி தொப்பை. உன் கல்யாணத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் சிரிக்கச் சொல்லி மிரட்டிக்கொண்டு நின்றாரே, அதுதான் அண்ணன். அப்படி ஒரு படத்தை டோனிக்கு அனுப்பு. நினைவு மலரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அண்ணியிடம் நான் பக்குவமாகச் சொல்லிப் படத்தை மாற்றிக்கொள்கிறேன். நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

பிள்ளை சுகமாகப் பிறக்கட்டும். உன் அப்பாவின் பொறுமையும் உன் அம்மாவின் நிறமும் அதற்கு வரட்டும், சித்தப்பாவின் ரோஷம் மட்டும் வர வேண்டாம். லிசி உனக்காக ஜெபம் பண்ணுகிறாள். நானும் என் வழியில் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
கா. பீமராவ்.

பி.கு.: செவ்வாய்க்கிழமை. தோகா விலாசம் வாங்குவதற்காக இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். “புள்ளைக்கு என்ன எழுதியிருக்கீங்க, வாசிங்க தம்பி” என்றார் அண்ணி. மேலோட்டமாக வாசித்துவிட்டுப் படத்தைப் பற்றிய இடத்தைத் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். முப்பத்து நான்கு வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்கு எழுதியிருப்பதை விட்டுவிட்டு வாசிக்க வரவில்லை. முழுக்க வாசித்துவிட்டேன். அண்ணி சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “அவரு மொகம் எனக்குத் தெரியாதா தம்பி? அந்தப் படம் எடுத்ததே நான்தான். போன ஆடி மாசம், முக்கொம்புக்குப் போனப்ப. யமுனாவுக்கு அனுப்பினதும் நான்தான்” என்றார். உள்ளே போய் அண்ணனுடைய போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை அதிகமாகி உடம்பு பாதியாக இளைத்தாராம். டை அடிப்பதை விட்டாராம், அவருக்கும் கண் ஆபரேஷன் ஆனதற்கு அப்புறம் கண்ணாடி தேவைப்படவில்லையாம், ஒருநாள் மீசையையும் எடுத்துவிட்டாராம். எடுத்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்று, “ஏய், இங்க பாரேன், தம்பி வந்து நிக்கிறான்” என்றாராம்.

கடிதத்தைக் கிழித்துப் போடுகிறேன் என்றேன். “அப்படியே அனுப்புங்க, புள்ள கொஞ்சம் சிரிக்கட்டும்” என்று சொல்லி அண்ணியே விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

நீ எந்தப் படமும் அனுப்ப வேண்டாம். மலரை அடிக்கச் சொல்லி டோனியிடம் சொல்லிவிட்டேன். தொட்டிலுக்கு மேலேயும் அதையே மாட்டு, அது உன் அப்பாதான். எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை. ஆறு வருஷமா நான் அண்ணன் மொகத்தைப் பார்க்கவே இல்லையேம்மா.